லேபிள் இல்லாத போத்தல்

முதல் வெட்டிலேயே கறிவேப்பிலை மரத்தில் பாதி, ஹேமநாதனின் கார் மேல் சாய்ந்தது.

"வெளிய வாடா!"

வெள்ளையம்மா இரண்டாவது வெட்டுக்குப் பாராங் கத்தியை ஓங்கினாள். அறுபத்தொரு வயதுக் கை. நடுங்கவில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தான் பக்கத்து வீட்டு ஹேமநாதன். வாயெல்லாம் நுரை. பின்னாலேயே அவன் மனைவி பிரேமலா.

"அலமாக்! ஆன்ட்டி, மரம் என்னா பண்ணுச்சு ஒங்கள?"

"என் செடி என்னடா பண்ணுச்சு ஒன்ன?"

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தோட்டம். பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் நட்டது. கத்தரி, வெண்டை, பந்தலில் பாகல். காயில் ஈ கொட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொரு பாகல் பிஞ்சுக்கும் பழைய பேப்பரில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். இந்த வாரம் முதல் அறுப்பு.

பேப்பர் சட்டைக்குள் பிஞ்சுகள் வெம்பித் தொங்கின. ஒன்று பாக்கியில்லை.

பூச்சி கடித்தால் இலையில் ஓட்டை விழும். அசுவினி என்றால் இலை சுருளும். இது குருத்திலிருந்து மஞ்சளாகி இறங்கியிருக்கிறது. புல்லைக் கொல்லும் மருந்து. செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் முதுகில் பம்பு சுமந்தவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்றைக்கு மஞ்சள் என்றால், ஏழெட்டு நாளைக்கு முன்னால் அடித்தது.

போன சனிக்கிழமை.

பாகல் கொடி வேலி தாண்டி வந்ததற்கு, "மொத்தத்துக்கும் மருந்தடிச்சு வுட்டுருவேன் பாருங்க" என்று இவன் சொன்னானே, அதற்கு மறுநாள்.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் லா!" ஹேமநாதன் நுரையைத் துப்பினான். "எங்க வீட்ல பம்பே கெடையாது. சனிக்கிழமை சாய்ங்காலம் நீங்கதான பம்போட நின்னீங்க?"

"நான் அடிச்சது வேப்பெண்ணெய்டா! அசுவினிக்கு!"

"பேசாம போலீசக் கூப்புடுங்க," என்றாள் பிரேமலா. "அடுப்படியில நிக்கிறேன், கறிவேப்பிலை வாசம் ஆளத் தூக்குது. என்னடான்னு வந்து பாத்தா பாதி மரத்தக் காணோம்!"

"கூப்புடு. போலீசு முன்னாலயே காட்டுறேன்."

வெள்ளையம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

சிங்க்குக்குக் கீழே இரண்டு பழைய சிரப் போத்தல்கள். இரண்டிலும் பழுப்பு நிறத் தண்ணீர். ஒன்றில் சோப்பு கலந்த வேப்பெண்ணெய். இன்னொன்றில் வாசல் கால்வாய்ப் புல்லுக்கு வாங்கி ஊற்றி வைத்த மருந்து. லேபிள் கிடையாது. லேபிள் எல்லாம் மற்றவர்களுக்கு; அவளுக்கு மூக்கு போதும்.

செம்பனைத் தோட்டத்தில் மழைக்கு லேபிள் உரிந்த மருந்து டிரம் வந்தால், வேலை வாங்கும் மண்டோர் அவளைத்தான் கூப்பிடுவார். மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுப்பாள். இது புல்லுக்கு, இது வண்டுக்கு. தப்பியதே இல்லை. ஒரு தடவை மாஸ்க் கேட்டதற்கு மண்டோர் சிரித்தார்: "ஒனக்கு எதுக்கு மாஸ்க்கு? ஒன் மூக்குதான் எங்களுக்கு லேபிளு."

அந்தக் கதையை இந்த வரிசையில் எல்லா வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை எடுத்த போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதி காலியாக இருந்தது அதுதான். மூடியைத் திறந்து பிரேமலாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு. வேப்பெண்ணெயா இல்லையா, நீயே சொல்லு!"

பிரேமலா குனிந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. முகம் சுளிக்கவில்லை. இன்னொரு முறை குனிந்தாள்.

"ஆன்ட்டி... வேப்பெண்ணெய்னா கொமட்டிக்கிட்டு வருமே?"

"வராமலா?"

வெள்ளையம்மா போத்தலைப் பிடுங்கி நெஞ்சு விரிய இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி ஓடினாள். அடுத்த போத்தலோடு வந்தாள். மூடியைத் திருகும்போதே, மூன்றடி தள்ளி நின்ற பிரேமலா நைட்டிக் கழுத்தை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஹேமநாதன் முகத்தைத் திருப்பினான்.

வெள்ளையம்மா இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

முந்தாநாள் சோறு அடிப்பிடித்தது, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் தெரிந்தது. சளி என்று நினைத்திருந்தாள். காலையில் குடித்த கோப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. கடைக்காரனைத் திட்டியிருந்தாள்.

குனிந்து, காலடியில் கிடந்த கறிவேப்பிலைக் கிளையிலிருந்து ஒரு கை உருவினாள். உள்ளங்கையில் போட்டுக் கசக்கினாள். சாறு விரலிடுக்கில் வழிந்தது. முகத்தில் வைத்து அழுத்தி இழுத்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.



மாஸ்க் கேட்டதற்குச் சிரித்த மண்டோர் செத்து ஒன்பது வருடம். கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டுப் போயாயிற்று. அவள் நிற்கிற இந்த வீட்டு வரிசையே, அவள் மருந்தடித்த செம்பனைகளைச் சாய்த்துவிட்டுக் கட்டியதுதான்.

கக்கத்தில் இடுக்கியிருந்த பாராங் மறுபடி வலது கைக்கு வந்திருந்தது. பிடி தளரவில்லை.

"என்னா ஆன்ட்டி," ஹேமநாதன் மெதுவாகக் கேட்டான், "இன்னும் வெட்டணுமா?"

"வெட்டணும்," என்றாள் வெள்ளையம்மா, முகத்திலிருந்து இலையை எடுக்காமலே. "யாரன்னுதான் தெரியல."