இலைகளுக்குப் பின்னே ஒரு கதவு

பெருமக்களே, வந்து பாருங்கள் இந்த அநீதியை! நூறு பெண்கள் தையல் வேலை செய்யும் நான்காம் மாடியில், தீப்பற்றினால் வெளியேறுவதற்கென வைத்த கதவைக் கொடிகள் மூடிக்கிடக்கின்றன. பசுமைக் கட்டட விருதுக்காக முதலாளி வளர்த்த கொடிகள் அவை. நண்பகலில் அவற்றின் ஊடே வரும் ஒளி எஃகுத் தூண்களில் நீராய் நெளியும். ஏதோ குளத்தின் அடியில் அமர்ந்து தைப்பதாகவே அருக்காணிக்குத் தோன்றும்.

“ஏனுங்க சார், தீப்புடிச்சா எப்படி எறங்கறதுங்க? கொடியப் புடிச்சுத் தொங்கறதுங்களா?” என்று மேலாளரிடம் கேட்டாள்.

“வாயாடி! இது முழுக்க இரும்புக் கட்டடம். இரும்பு எரியுமா?”

“இரும்பு எரியாதுங்க. நாங்க எரிஞ்சு போவமுங்க.”

“நாளைக்கு விருதுக்காரங்க வர்றாங்க. ஒரு இலை உதிரக் கூடாது, ஆமா!”

அவர் போனதும் அருக்காணி இலைகளுக்குள் கையை விட்டாள். தோள்வரை உள்ளே போன பிறகே குளிர்ந்த கைப்பிடி தட்டுப்பட்டது. அதைச் சுற்றியிருந்த தளிர், மெல்ல அவள் விரலையும் சுற்றிக்கொண்டது. அப்போதுதான் கீழ்த்தளத்திலிருந்து பஞ்சு கருகும் வாடை எழுந்தது.

அவள் இழுத்தாள். ஓர் இலை மட்டும் உதிர்ந்தது.

ஒற்றைக் கையால் ஆகாது. படிப்பவரே, இன்னும் என்ன வேடிக்கை? வாருங்கள், அவளோடு சேர்ந்து இழுங்கள்!