பேரில் இருந்த தீ

காய்ந்து கிடந்த புல்வெளியில் ஒரு மத்தியானம் தீ பிடித்தது. புகையைப் பார்த்ததுமே தீக்கோழி ஓட்டமெடுத்தது. அன்று காலையில்தான் குட்டி போட்டிருந்த வரிக்குதிரை குறுக்கே வந்து மறித்தது.

"எங்கேம்மா ஓடுறே? என் பிள்ளைக்கு இன்னும் நிக்கவே வரலை. உன் ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, வேற பக்கம் போகட்டும்."

"என் ஆளா? எனக்கும் தீக்கும் பழக்கமே கிடையாதே!"

"பழக்கம் இல்லாமலா பேரிலேயே தீயை வச்சிருக்கே? உதவின்னு கேட்டதும் உறவை மறைக்கிறியே!"

தீக்கோழி குழம்பிப் போயிற்று. அம்மா ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருவேளை சொல்ல மறந்திருப்பாளோ? தரையில் கிடந்த குட்டியைப் பார்த்தது. தயங்கித் தயங்கித் தீயின் பக்கம் போய், "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?" என்றது.

தீ பின்பக்கமாகச் சுற்றி வந்தது. வாலில் பற்றிக்கொண்டது.

தீக்கோழி அலறிக்கொண்டு புழுதியில் புரண்டு அணைத்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறியது. தீயும் கூடவே திரும்பிப் போயிற்று.

வரிக்குதிரை அந்தக் கருகிய வாலை உற்றுப் பார்த்தது. "தொட்டுப் பேசுற அளவுக்குப் பழக்கம்! இல்லவே இல்லைன்னு சாதிச்சியே, ஆத்தாடி!"

தீக்கோழி கழுத்தை வளைத்துத் தன் வாலைப் பார்த்தது. அண்ணனாகத்தான் இருக்குமோ?