மஞ்சள் பந்து

டெஸ்டிங் அக்காவை அணியிலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான் என்று கோச் முடிவு செய்துவிட்டார்.

அந்த மென்பொருள் அலுவலகத்துக்கு ‘அஜைல்’ என்ற புது வேலைமுறையைப் பழக்கிவிட வந்தவர் அவர். காலையில் எல்லோரும் நின்றபடியே பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துவிடுமாம். கையில் மஞ்சள் பந்து இருப்பவர் மட்டும் வாயைத் திறக்கலாம். என்ன செய்தேன், எதில் சொதப்பினேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் பந்தை அடுத்தவருக்குப் போட வேண்டும்.

“தப்பை ஒத்துக்கிட்டா யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க” என்பார்.

முதல் வாரம் பந்தைச் சுடுசட்டி மாதிரி கைமாற்றினார்கள். எல்லாம் நல்லாப் போகுது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது பரவாயில்லை. ஊமை மாதிரி நின்ற தாடிக்காரர்கூட, அந்த ஃபைலை அழித்தது நான்தான் என்று தலையைச் சொறிகிறார். எல்லாம் பந்தின் மகிமை என்று கோச் பூரித்துப்போனார்.

அக்கா ஒருவர்தான் தேறவில்லை. லாகின் பக்கம் திறக்கவில்லையா, நான்தான் என்பார். படம் தலைகீழாக வந்ததா, அதுவும் நான்தான் என்பார். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. அதில் எப்படி இவ்வளவு கெடுக்க முடிகிறது? கை வைக்கக் கூடாத இடத்திலெல்லாம் வைக்கிறார் போல. அஜைலுக்கு ஒருவர் தடையாக இருக்கிறார், யாரென்று நேரில் சொல்கிறேன் என எம்.டி.க்குச் செய்தி அனுப்பினார் கோச்.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவில் எம்.டி.யே வந்து நின்றார். முகம் சரியில்லை.

சலூன்களுக்காக அவர்கள் செய்த முன்பதிவு ஆப், வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. பாதி ஷேவிங்கோடு இரண்டு பேர் அந்த நாற்காலிக்காக மல்லுக்கு நின்றார்களாம்.

வேலைகளைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்த சுவர்ப் பலகையில் அந்த ஆப்பின் சீட்டைக் காட்டினார் எம்.டி.

“பாதிகூட முடியாத வேலை. முடிஞ்சதுன்னு நம்பி நேத்தே கடைகளுக்கு அனுப்பிட்டாங்க. இதை ‘முடிந்தது’ பக்கத்துல ஒட்டினது யாரு?”

முந்தின நாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஃபேனை வேகமாக வைத்தது கோச். சீட்டெல்லாம் பறக்க, மேசைக்கடியில் தவழ்ந்து பொறுக்கி, தோன்றிய இடத்தில் ஒட்டியதும் அவரேதான்.

பந்து வேறு அவர் கையில் இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அக்கா எடுத்துக்கொண்டார்.

“நான்தான் சார்.”

எம்.டி. கோச்சின் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்ன ஆள் இவங்கதானா?”

“இல்ல சார். அது வேற ஒருத்தர்.”

“யாரு?”

“அதைத்தான்... இன்னும் கவனிச்சுக்கிட்டு இருக்கேன் சார்.”

சீக்கிரம் சரிசெய்யுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, சலூன்காரர்களைச் சமாதானப்படுத்த ஓடினார் எம்.டி.

கோச் அக்காவைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். ஒட்டியது யாரென்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். கதவருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார் அக்கா.

“அப்புறம் ஏன் மேடம் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“தாடிக்காரருக்குப் பதிலாவும் மொத தடவை நான்தான் சார் ஒத்துக்கிட்டேன். பயம் தெளிஞ்சதும் அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. உங்களுக்கு இதுதானே மொத தடவை?”