திராட்சை நாட்டுக் கப்பல்

மொக்கைச்சாமி பெட்டியிலிருந்து இட்லிப்பொடியையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் மூன்றாம் முறையாக எடுத்து வெளியே வைத்தார். மகள் ஜோதிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, பன்னெண்டு நாள் கப்பல்! தேனி பஸ் ஸ்டாண்டுல டீகூடக் குடிக்க மாட்டீக. அங்கன போய்ப் பட்டினி கிடக்கவா?"

"கப்பல்ல சோறு போடுவாக."

"எழுபத்திரண்டு வயசுல ஐஸ் கடல்ல உங்களுக்கு என்னதான் வேலை?"

"ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி நார்வேக்காரவுக அமெரிக்காப் பக்கம் போயி, அதுக்குத் திராட்சை நாடுன்னு பேரு வச்சாகளாம். அந்த வழியாம். கம்பத்துத் திராட்சைக்காரன் நான் பார்க்க வேண்டாமா?"

விறைப்பாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

டப்பாக்களைத் திரும்ப வைக்கும்போது கப்பல் கம்பெனியின் புத்தகம் ஜோதிகாவின் கையில் பட்டது. ஒரே ஒரு பக்கம் மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. அதில் வெள்ளைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார் தலைமைச் சமையல்காரர்.

அவள் அண்ணன் இனியன்! சின்ன வயதில் தோட்டத்தில் மூன்று கல் கூட்டி அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தவன். "நம்ம வம்சத்துல எவன்டா கரண்டி பிடிச்சான்?" என்று பதினோரு வருடங்களுக்கு முன் அப்பா விரட்டியவன். அதன்பிறகு அவன் பேச்சையே இந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

மொக்கைச்சாமி குளித்து வந்தபோது, டப்பாக்களை எல்லாம் அவளே வெளியே எடுத்து வைத்திருந்தாள். அவர் விரிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை.

"நாரத்தங்காயை மட்டும் வையி ஆத்தா" என்றார். "அவனுக்குப் பிடிக்கும்."