ராணியின் குரல்

மேசையின் ஒரு முனையில் டீச்சர் சண்முகசுந்தரி, ஜன்னலோரம் கடைக்கார ஜெயமுருகன், கதவருகே ஓய்வுபெற்ற தபால்காரர் சுவாமிநாதன். 2004இல் கொடைக்கானல் கலை மன்றம் அமைக்க மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். தலைவர் பதவி தனக்குத்தான் என்று புது வேட்டி கட்டி வந்திருந்தார் சுவாமிநாதன்.

"தலைவர் நீங்கதாண்ணே! அந்தக் காலத்துல நாடகத்துல ராணி வேஷம் கட்டி நீங்க பாடுன தாலாட்டை எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லுச்சு," என்றார் ஜெயமுருகன்.

"பொம்பளைங்களுக்கே அப்படிக் கொரல் அமையாதுங்க," என்றார் டீச்சர்.

தலைவர் என்று கையெழுத்துப் போட எடுத்த பேனாவை சுவாமிநாதன் மூடினார்.

"பொம்பளை கொரல்தாம்மா அது. நான் வாயை மட்டுந்தான் அசைச்சேன். திரைக்குப் பின்னாடி நின்னு பாடுனது ராக்கம்மா, இப்ப பூண்டியில இருக்கு. பொண்ணுக மேடையேறக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாக. கைதட்டல நான் வாங்கிக்கிட்டேன்."

பிறகு அவரே ஒரு கடிதம் எழுதினார்: 'தலைவர் ராக்கம்மா அவர்களுக்கு...' கடைசி வரியாக, 'இந்த முறை திரை கிடையாது' என்று சேர்த்து, உறையை ஒட்டி, பூண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.