உங்கள் எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள்

கடைக்கு இணையதளம் கட்டிக்கொடுத்த பெண் மரைக்கே அச்சடித்துக் கொடுத்த தாளில் ஏழு வேலைகள் இருந்தன. ஆறு வேலைகளுக்கு எதிரே ஹார்ட்முட் டென்ஹாகன் அளவுகோல் வைத்துக் குறி போட்டிருந்தார்.

ஏழாவது மட்டும் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது: 'தளத்தில் உள்ள எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.'

"என்னை நானே எதுக்கும்மா கூப்பிடணும்? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அந்தப் பெண்ணிடம் அன்றைக்கே கேட்டுவிட்டார்.

குளிர்காய வீட்டுக்குள் கணப்பு அடுப்பு கட்டுவதில் ஹார்ட்முட்டை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் பாதி போய்விட்டது. ஊரே அடுப்பு கேட்டு அலைகிற மாதம். தினம் நாற்பது பேர் தளத்துக்கு வந்து பார்ப்பதாக மரைக்கே கணக்குக் காட்டினாள். தொலைபேசி மட்டும் மௌன விரதம் இருந்தது.

மாதக் கடைசிக்குள் பத்து வேலையாவது வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, மச்சானின் குளியலறை டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்விடுவதாக மனைவி குட்ரூனிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. மச்சானின் முகத்தை நினைத்தால்தான் கசந்தது.

எதிர்ச் சாரியில் கிளெமென்ஸ் எஃபிங்கின் கடை. அதே தொழில். கண்ணாடி வழியே நன்றாகவே தெரிந்தது: மனிதர் ஒரு கையில் ரிசீவரும் மறு கையில் பேனாவுமாக நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

"கொடுத்து வச்சவன்" என்று முணுமுணுத்தார் ஹார்ட்முட்.

பதினொரு வருடங்களுக்கு முன், ஊர்த் துப்பாக்கி சுடும் திருவிழாவில் வந்த பகை. கம்பத்து உச்சியில் இருந்த மரப்பறவை ஹார்ட்முட் சுட்டபோது ஆடியது, அடுத்து கிளெமென்ஸ் சுட்டபோது விழுந்தது. பறவையை வீழ்த்தியவருக்குத் தரும் அந்த ஆண்டின் ராஜா பட்டம் கிளெமென்ஸுக்குப் போயிற்று. அதுவரை 'வாடா போடா' என்றிருந்தவர்கள் மறுநாள் 'நீங்கள்' ஆனார்கள். அடுத்த வாரம் அதுவும் நின்றது.

பிறகு கடிதங்கள்தான். உங்கள் குப்பைத் தொட்டி நான்கு விரற்கடை தள்ளி நிற்கிறது. உங்கள் பெயர்ப்பலகை வெளிச்சம் என் சன்னலில் விழுகிறது.

இந்த மூன்று வாரமாக கிளெமென்ஸுக்குப் புகார் மிகுந்துவிட்டது போலும். தினமும் சாயங்காலம் ஒரு பழுப்பு உறை ஹார்ட்முட்டின் தபால் பெட்டியில் விழுந்தது. அவர் பிரிப்பதில்லை. காட்சிக்கு வைத்த அடுப்பைக் காலையில் பற்றவைக்க அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

இன்றும் அப்படித்தான் பற்றவைத்தார். நன்றாக எரிந்தது.

வேறு வேலை இல்லாததால் தாளை மறுபடி எடுத்தார். ஆறாவது குறியைப் பார்க்கையில் பெருமையாக இருந்தது. கடை யாருடையது, எந்தத் தெரு, தொலைபேசி எண் என்ன என்று சட்டப்படி வைக்க வேண்டிய பக்கம். ஒரு வரி குறைந்தாலும் எங்கிருந்தாவது வக்கீல் நோட்டீஸ் வந்துவிடும். அதனால் யாரும் அதைச் சொந்தமாக எழுதுவதில்லை. இதுவரை நோட்டீஸ் வாங்காத ஒருவரின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, பெயரை மாற்றிக்கொள்வார்கள். ஹார்ட்முட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினார். மற்றப் பக்கங்களுக்கெல்லாம் மரைக்கே விவரங்களை அதிலிருந்தேதான் எடுத்துப் போட்டாள்.

ஏழாவது கட்டம், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது.

சரி, தொலையட்டும் என்று கைபேசியில் தன் தளத்தைத் திறந்து, 'அழைக்க' என்ற பொத்தானை அழுத்தினார்.

மேசை மேலிருந்த தொலைபேசி அசையவில்லை.

எதிர்ச் சாரியில் கிளெமென்ஸ் ரிசீவரை எடுத்தார்.

"டென்ஹாகன் கணப்புக் கடை, வணக்கம். முதலாளி வெளிய போயிருக்காரு. பேரும் நம்பரும் சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்."

ஹார்ட்முட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று எடுத்து ஒட்டியது கிளெமென்ஸின் பக்கம். பெயரை மாற்றினார். கதவிலக்கத்தை மாற்றினார். தெருவை மாற்றத் தேவையே இருக்கவில்லை. எண்ணை மாற்றினாரா?

கிளெமென்ஸ் நிமிர்ந்தார். இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால், கைபேசியைக் காதில் வைத்தபடி நிற்கும் ஆளைக் கண்டார்.

"ஓ, முதலாளியேதானா? இருபத்தாறு பேரு கேட்டிருக்காங்க. தினம் எழுதி உன் பெட்டியிலதான் போட்டுட்டு வர்றேன். ஒருத்தரையும் நீ திருப்பிக் கூப்பிடலியாமே?"

ஹார்ட்முட் மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தார். உறைகளின் சாம்பல் அதில்தான் கிடந்தது.

கிளெமென்ஸும் தலையை உயர்த்தி, எதிர்க் கூரையின் புகைபோக்கியைச் சற்று நேரம் பார்த்தார். முப்பது வருடமாக அடுப்பு கட்டுகிறவர். காகிதப் புகை எது, விறகுப் புகை எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நகல் எடுத்து வச்சிருக்கேன்டா. காபி ஆறிடும், வா."

ஹார்ட்முட் பேனாவை எடுத்து ஏழாவது வரிக்கு எதிரே குறி போட்டார். அளவுகோல் கைக்குக் கிடைக்கவில்லை; கோணலாகத்தான் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்.