மகம் பிறக்கும்வரை

மாலை ஆறு மணிக்கு மகம் பிறக்கும், அதுவரை ஆயில்யம். மகத்தில் பிறந்தால் ஜகத்தை ஆளுமே! அதனால் பிரசவ வார்டில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. வலி வரவைக்கும் டிரிப்ஸை எல்லார் கையிலும் மாட்டி, திறக்காமல் வைத்திருந்தார்கள்.

நிறைமதிக்கு மட்டும் மத்தியானமே வலி தானாக வந்துவிட்டது.

"மருந்தே ஏத்தலையே, வலி எப்படிம்மா வரும்?" நர்ஸ் அவளை ஏதோ கோளாறான மெஷினைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மாமியார் ஸ்வேதாவுக்கு முகம் வெளுத்தது. "நிறுத்தி வைங்க சிஸ்டர். பொண்ணு ஆயில்யத்துல பொறந்தா, கட்டிப்போற வீட்டு மாமியாருக்கு ஆகாதும்பாங்க. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"வேணாம் அத்தை, அவளே வர்றா..."

அதற்குள் நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டாள். விளக்கை அணைத்ததுபோல வலி நின்றது. காலையிலிருந்து ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையும் அடங்கிப்போனது.

"அத்தை, புள்ள அசையவே இல்ல."

"தூங்குதும்மா. நேரம் வந்தா முழிச்சுக்கும்." ஸ்வேதா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு மணி அடித்தது. எல்லா டிரிப்ஸும் ஒரே சமயத்தில் சொட்டத் தொடங்கின. வார்டே அலறியது. பிறகு கட்டில் கட்டிலாகக் குழந்தைகளின் அழுகை கேட்கத் தொடங்கியது. ஸ்வேதா ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்க் கற்கண்டு கொடுத்தாள். "அடுத்தது எங்க மகாராணிதான்!"

நிறைமதி இரண்டு கைகளாலும் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். சொன்ன நேரத்துக்கு வலி மட்டும்தான் வந்திருந்தது.